எக்டாக்ரோமா, வெல்வியாவா, நெகட்டிவே போதுமா: ஸ்லைடு ஃபிலிம் வாங்கும் முன்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரிய மாமா வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே ஸ்லைடுகள். அட்டைச் சட்டம் போட்ட சின்னச் சின்னச் சதுரங்கள், முந்நூறு இருக்கும். எழுபதுகளின் கடைசியில் மாமா வளைகுடாவில் வேலை பார்த்தார். லீவில் வரும்போதெல்லாம் ஃபிலிம் வாங்கி வந்து எடுத்த படங்கள். என் சித்தி மகன் அதில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அத்தை கல்யாணமான புதிதில், கிணற்றடியில், கருநீலப் பட்டுச் சேலையில் நிற்கிறார். நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் சேலையின் சரிகை நூல் நூலாகத் தெரிகிறது.

"அண்ணா, இதுல ஏதாவது எடிட் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "இந்த மாதிரி இப்ப எடுக்க முடியுமா?"

முடியும். ஆனால் அதே ஃபிலிமில் முடியாது, அன்றைய செலவிலும் முடியாது. அவனிடம் ஒரு பழைய எஸ்எல்ஆர் கேமரா இருக்கிறது. இதற்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறான். எதை வாங்குவது, எங்கே கழுவுவது, இந்தக் காசுக்கு இது தகுமா என்று அன்று இரவு ரொம்ப நேரம் பேசினோம். அவனைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஸ்லைடு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் வெளிச்சமும் நிறமும் தலைகீழாகப் பதியும். பிரிண்ட் போட்டால்தான், அல்லது ஸ்கேன் செய்து திருப்பினால்தான் படம். ஸ்லைடில் அப்படி இல்லை. கேமராவுக்குள் இருந்த ஃபிலிமே கடைசிப் படம். கிணற்றடியில் அத்தை மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் எந்தத் துண்டில் விழுந்ததோ, அதே துண்டைத்தான் தம்பி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அட்டைப்படத்துக்கு 'ட்ரான்ஸ்பரன்சி' கேட்டது இதைத்தான். சினிமா கொட்டகையில் இடைவேளையில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் போடும் 'சிலைடு' இன்னும் பலருக்கு நினைவிருக்கும். செய்முறை வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ஊடே வெளிச்சம் பாய்ந்தால் படம் தெரியும்.

மாமாவின் பெட்டியில் இன்னொரு பாடமும் இருந்தது. கோடாக்ரோம் என்று அச்சிட்ட சட்டங்களில் இருந்த படங்கள் நேற்று எடுத்தவை போல இருந்தன. வேறு சில சட்டங்களில் இருந்தவை மொத்தமாகச் செம்பு நிறத்துக்குப் போயிருந்தன. வானமும் செம்பு, வாழையும் செம்பு. ஒரே பரண், ஒரே பெட்டி. வேறுபாடு ஃபிலிமின் சாயத்தில்தான் இருந்தது.

போனதும் வந்ததும்

கோடாக்ரோம் 1935இல் வந்தது. லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கோடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் கோடாக் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அந்த ஃபிலிமுக்குள் சாயம் கிடையாது. அடிப்படையில் கறுப்பு வெள்ளை அடுக்குகள்தான். நிறத்தைக் கழுவும்போது சேர்ப்பார்கள். அதனால்தான் அது இருட்டில் அவ்வளவு காலம் நிற்கிறது. அதனால்தான் அதைக் கழுவுவது எல்லா லேபாலும் ஆகாத வேலையாகவும் இருந்தது. 2009இல் கோடாக் அதை நிறுத்தியது. உலகத்தில் கடைசியாக அதைக் கழுவிய லேப் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30தான் ரோல் வந்து சேர வேண்டிய கடைசி நாள். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இன்றும் இணையத்தில் பழைய கோடாக்ரோம் ரோல்களை விற்கிறார்கள். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள். அதை நிறத்தில் கழுவித் தர எந்த லேபும் இல்லை.

எக்டாக்ரோம் வேறு வகை. நிறத்துக்கான பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். இ-6 என்ற பொதுச் செய்முறைக்கான மருந்து வைத்திருக்கும் எந்த லேபும் கழுவலாம். வீட்டிலும் கழுவலாம். 2012இல் கோடாக் திவால் பாதுகாப்புக்குப் போன வருடம் இதையும் நிறுத்தினார்கள். அதோடு ஸ்லைடு உலகம் கிட்டத்தட்ட ஃபியூஜியின் கையில் தனியாக நின்றது. 2017 ஜனவரியில் எக்டாக்ரோமைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். 35 மி.மீ. ரோல் 2018 செப்டம்பரில் வந்தது. மீடியம் ஃபார்மட் கேமராவுக்கான 120 ரோலும் ஷீட் ஃபிலிமும் 2019 கடைசியில் வந்தன.

திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதற்கு இத்தாலியின் ஃபெரானியா கதை ஒன்றே போதும். 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி, பழைய தொழிற்சாலையின் ஒரு பகுதியை மீட்டு, ஸ்லைடு ஃபிலிம் செய்வோம் என்று இறங்கினார்கள். 2017இல் அவர்களால் வெளியே கொண்டுவர முடிந்தது கறுப்பு வெள்ளை ஃபிலிமைத்தான். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லைடு ஃபிலிமில் மெல்லிய படலங்கள் பல, ஒன்றன்மேல் ஒன்றாக, முடியைவிட மெல்லிய கனத்தில் சமமாகப் பூசப்பட வேண்டும். ஒரு படலத்தில் சிறு பிழை வந்தாலும் நிறச் சமநிலை போய்விடும். நெகட்டிவில் அந்தப் பிழையைப் பிரிண்டில் சரிசெய்யலாம். இதில் சரிசெய்ய அடுத்த கட்டமே இல்லை.

நம் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தை நினைத்துக்கொள்கிறேன். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தன. அந்த ஆலை இன்று இல்லை. ஃபிலிம் பூசும் இயந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த கைகளும் ஒருமுறை கலைந்துபோனால் மறுபடி சேர்ப்பது லேசில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கோடாக்கின் அந்த ஒரு ஆலை இன்னும் ஓடுவதால்தான் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

விலை

2018இல் எக்டாக்ரோம் 36 படச் சுருள் அமெரிக்காவில் ஏறக்குறைய 13 டாலருக்கு வந்தது. இன்று 20 டாலரைத் தாண்டி நிற்கிறது. ஃபியூஜியின் ஸ்லைடு ரோல்கள் அதையும்விட அதிகம், அதுவும் கிடைத்தால்தான். நமக்கு இறக்குமதிச் செலவும் சேரும். நான் கடைசியாக எக்டாக்ரோம் வாங்கியபோது ரோலுக்கு 2,700 ரூபாய் ஆனது. கழுவவும் கூரியருக்கும் சேர்த்து இன்னொரு ஆயிரம். மொத்தம் 3,700 ரூபாயை 36ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேலே. தம்பியின் 15,000 ரூபாயில் நாலு ரோல், அதாவது 144 படம். மாமா ஒரே லீவில் அதைவிட அதிகம் எடுத்திருக்கிறார்.

ஏன் இப்படி? வெள்ளி விலை ஒரு காரணம். ஃபிலிமின் உயிரே வெள்ளி உப்புதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அளவு. பூச்சு இயந்திரம் ஒருமுறை ஓடினால் ஆயிரக்கணக்கான ரோலுக்கான ஃபிலிம் வந்துவிடும். ஸ்லைடு வாங்குபவர்களோ நெகட்டிவ் வாங்குபவர்களில் ஒரு சிறு பங்கு. செய்தது விற்கும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் காலாவதித் தேதியும் நெருங்கும். மூலப்பொருள் இன்னொரு தலைவலி. ஃபியூஜியின் வெல்வியா 50 என்ற ஸ்லைடு ஃபிலிம் ஒருமுறை நின்றுபோனதற்கே சில மூலப்பொருள்கள் கிடைக்காததுதான் காரணம். வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டதால் மாற்றுப் பொருள் கண்டுபிடித்து 2007இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெல்வியா 100க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதில் இருந்த ஒரு வேதிப்பொருளின் மிகச் சிறிய அளவு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் புதிய தடைக்குள் வந்ததால் 2021இல் அந்த நாட்டுச் சந்தையிலிருந்தே விலக்கினார்கள்.

சரி, எதை வாங்குவது?

எக்டாக்ரோம் இ100

முதல் ரோல் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். நிறம் உண்மைக்கு அருகில் இருக்கும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், மணி, அதாவது படத்தில் தெரியும் துகள் (கிரெய்ன்), மிக நுணுக்கம். நம் தோல் நிறத்தை மதிக்கிற ஃபிலிம் இது. மாநிறத்தைச் சிவப்பாகவோ சாம்பலாகவோ ஆக்காது. மஞ்சள் பூசிய முகத்தையும், நிழலில் நிற்கும் கறுத்த முகத்தையும் இதில் எடுத்திருக்கிறேன். இரண்டும் அவரவர் நிறத்திலேயே வந்தன. ஒரு குறை: வெயில் படாத நிழலில், மேலே நீல வானம் திறந்திருந்தால், படம் கொஞ்சம் நீலம் தட்டும். 81ஏ என்ற இளஞ்சூட்டு ஃபில்டர் ஒன்று பையில் இருந்தால் போதும். பத்து நொடி வரை நீண்ட எக்ஸ்போஷருக்கு, அதாவது ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தாலும், திருத்தம் எதுவும் வேண்டாம் என்று கோடாக்கின் தரவுத்தாளே சொல்கிறது. கோபுரத்தை அந்தி வேளையில் ட்ரைபாடில் வைத்து எடுக்க அது தாராளம்.

வெல்வியா 50

1990இல் வந்து இயற்கைக் காட்சிப் புகைப்படத்தின் தோற்றத்தையே மாற்றிய ஃபிலிம். பச்சையும் சிவப்பும் கண்ணில் பார்த்ததைவிடக் கூடுதலாக வரும். மழை விட்ட மறுநாள் நெல்வயலை இதில் எடுத்து லூப் (ஸ்லைடு பார்க்கும் சிறு உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். நாற்று நுனியில் நிற்கும் ஒவ்வொரு துளியிலும் ஒரு பச்சை விளக்கு எரிவது போல இருக்கும். வேறெந்த ஃபிலிமிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

ஆனால் மனிதர்களுக்கு இது வேண்டாம். நம் தோலில் சிவப்பைத் தூக்கிவிடும். வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 50தான் என்பதால் காலையிலும் மாலையிலும் ட்ரைபாட் இல்லாமல் முடியாது. பலர் இதை 40 என்றே மீட்டரில் வைத்து எடுக்கிறார்கள், நானும் அப்படித்தான். சில நொடிக்கு மேல் எக்ஸ்போஷர் நீண்டால் நேரத்தையும் கூட்ட வேண்டும், நிறத்துக்கு மெஜென்டா ஃபில்டரும் போட வேண்டும். விலையும் உச்சம், கிடைப்பதும் அரிது. முதல் நாலு ரோலில் ஒன்றை இதற்கு ஒதுக்குவது வீண். கை பழகிய பிறகு, மலைக்கோ மழைக்கோ என்று குறித்து வைத்து வாங்க வேண்டிய ஃபிலிம் இது.

ப்ரோவியா 100எஃப்

வெல்வியாவின் அடக்கமான தங்கை. எக்டாக்ரோமோடு நேருக்கு நேர் போட்டி போடுவது இதுதான். மணியின் நுணுக்கத்தில் இரண்டுக்கும் அளவுகோல் எண் ஒன்றே. நீண்ட எக்ஸ்போஷரில் இது எல்லோரையும் ஜெயிக்கும்: 128 நொடி வரை திருத்தமே வேண்டாம். இரவு வானம், நிலவொளியில் கடற்கரை என்று எடுப்பவர்களுக்கு வேறு பேச்சு வேண்டாம். மற்றவர்கள் கடையில் எது புதிய தேதியில், குறைந்த விலையில் இருக்கிறதோ அதை எடுக்கலாம்.

காலாவதியான ரோல்

பாதி விலையில் கிடைக்கும், ஆசை வரும். நெகட்டிவில் பழைய ரோல் என்றால் கூடுதல் வெளிச்சம் கொடுத்துச் சமாளிக்கலாம். ஸ்லைடில் கூடுதல் கொடுத்தால் வெளிறும், கொடுக்காவிட்டால் இருட்டும், இரண்டுக்கும் நடுவில் நிறம் எங்கேயோ போயிருக்கும். ஃப்ரீசரிலேயே வைத்திருந்தேன் என்று நம்பகமான ஒருவர் சொன்னால் வாங்கலாம். நம் ஊர்க் கடை அலமாரியில் நாலு கோடை பார்த்த ரோல் என்றால் விட்டுவிடுங்கள்.

கலர் நெகட்டிவ்

கோடாக்கின் எக்டாரோ போர்ட்ராவோ கோல்டோ, நெகட்டிவ் ஃபிலிமுக்குப் பொறுமை அதிகம். வெளிச்சத்திலும் நிழலிலும் பத்து ஸ்டாப்புக்கு மேல் விவரம் பிடிக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஸ்லைடுக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு. நம் வெயிலில் அந்த வித்தியாசம் பெரிது. உச்சி வேளையில் வெள்ளை வேட்டி கட்டியவர் திண்ணை நிழலில் பாதி உடம்பும் வெயிலில் பாதி உடம்புமாக உட்கார்ந்திருந்தால் ஸ்லைடில் வேட்டியையோ முகத்தையோ ஒன்றை விட்டுவிட வேண்டும். நெகட்டிவில் இரண்டும் வரும். என் கணக்கில் கோல்ட் 200 ஒரு ரோல், கழுவி ஸ்கேன் வரை 1,600 ரூபாய். தம்பியின் பணத்தில் ஒன்பது ரோல் ஆகும்.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். படத்தை ஸ்கேன் செய்து செல்போனிலும் கணினியிலும் மட்டும்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் நெகட்டிவ் எடுங்கள். ஸ்லைடை ஸ்கேன் செய்யும்போது அதன் பாதி உயிர் போய்விடுகிறது. அதன் கறுப்பு மிக அடர்த்தியானது, சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனரால் அதற்குள் இருக்கும் விவரத்தைத் தோண்டி எடுக்க முடியாது. நிழல் எல்லாம் சேறாக வரும். அப்புறம் அதைக் கணினியில் தூக்கி, நிறம் திருத்தி, கடைசியில் கிடைப்பது நெகட்டிவிலேயே சுலபமாகக் கிடைத்திருக்கும் படம். காகிதத்தில் பெரிதாகப் போடுவதும் இப்போது ஸ்கேன் வழியாகத்தான். ஸ்லைடிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் எடுக்கும் இல்ஃபோக்ரோம் காகிதம் நின்று பல வருடம் ஆகிறது.

ஸ்லைடுக்குக் கொடுக்கும் அந்த நூறு ரூபாய் எங்கே திரும்பி வருகிறது என்றால், அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் டேபிளில் லூப் வைத்துப் பார்க்கும் அந்த நொடியில். அல்லது இருட்டிய ஹாலில் சுவர் நிறைய விழும்போது. காகிதத்தில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளை. ஸ்லைடில் வெள்ளை என்பது விளக்கு. சரிகை ஏன் நூல் நூலாக மின்னியது என்றால் சரிகையின் இடத்தில் உண்மையிலேயே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

டிஜிட்டல் கேமராவில் 'வெல்வியா' என்றே ஒரு நிற முறை ஃபியூஜி வைத்திருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. நிறம் மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது போதும்.

கழுவுவது: லேபிலா, வீட்டிலா?

இ-6இல் நடப்பது தெரிந்தால் எங்கே கவனம் வேண்டும் என்பது புரிந்துவிடும். முதல் டெவலப்பர் ஃபிலிமில் ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவை உண்டாக்கும். வெளிச்சம் படாமல் மிச்சம் இருக்கும் வெள்ளி உப்பை அடுத்த குளியல் தயார்படுத்தும். கலர் டெவலப்பர் அந்த மிச்சத்தில்தான் சாயத்தை உண்டாக்கும். அப்புறம் வெள்ளியை எல்லாம் வெளுத்து, கரைத்து வெளியே எடுத்துவிட்டால் சாயம் மட்டும் நேர்ப்படமாக நிற்கும். ஆகவே படம் வெளிறுமா, இருட்டுமா என்பதை முதல் டெவலப்பர்தான் முடிவு செய்கிறது. அதற்கு 38 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதில் கால் டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் பாதிப்பு தெரியத் தொடங்கும்.

லேபில் கொடுப்பதாக இருந்தால் நம் நாட்டில் இ-6 செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இ-6 எந்தக் கிழமை ஓட்டுகிறீர்கள்? சரியான பதில் சொல்லும் லேப் ரோல்களைச் சேர்த்துவைத்து, புது மருந்தில் ஓட்டுகிறது என்று அர்த்தம். எப்போது வேண்டுமானாலும் கொடுங்கள் என்றால் நான் தயங்குவேன்.

ஒருமுறை அப்படித் தயங்காமல் ஒரு லேபில் கொடுத்தேன். என் அப்பாவின் எண்பதாம் கல்யாணப் படம் அந்த ரோலில் இருந்தது. அவர்கள் அதை நெகட்டிவ் மருந்தான சி-41இல் ஓட்டிவிட்டார்கள். வந்தது பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு நெகட்டிவ். அம்மா கழுத்து மாலை என்ன நிறம் என்று இன்றுவரை அந்தப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. அன்றிலிருந்து ரோலின் தகரக் கூட்டின்மேலேயே மார்க்கரால் 'இ-6 மட்டும்' என்று எழுதி, உறையின்மேலும் எழுதி, போனிலும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் மூன்றையும் செய்யுங்கள்.

வீட்டில் கழுவுவது பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. முதல் டெவலப்பர், கலர் டெவலப்பர், வெளுப்பதையும் கரைப்பதையும் சேர்த்துச் செய்யும் பிளிக்ஸ் என்று மூன்று குளியலில் முடிக்கும் கிட் வருகிறது. ஒரு லிட்டர் கிட்டில், எந்தக் கிட் என்பதைப் பொறுத்து, எட்டு முதல் பன்னிரண்டு ரோல் கழுவலாம். சூட்டைப் பிடித்து நிறுத்த, சமையலுக்கு வரும் 'சூ வீட்' தண்ணீர்ச் சூடேற்றி ஒன்று போதும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் தொட்டித் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருப்பதால் வேலை பாதி குறைகிறது. மருந்தும் டேங்கும் பாட்டில்களும் எல்லாம் ஒரே சூட்டில் அரை மணி நேரம் ஊறட்டும், அதன்பின் தொடங்குங்கள். கலந்த மருந்து நாள்பட நிற்காது. அதனால் ரோல்களைச் சேர்த்துவைத்து ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். நாலு ரோல் மட்டும் எடுக்கப்போகிறவருக்குக் கிட் கட்டுப்படியாகாது, லேப்தான் சரி. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்தால் கிட் லாபம்.

டேங்கைத் திறந்து ரீலிலிருந்து ஈர ஃபிலிமை உருவும்போது நேர்ப்படமாக, நிறத்தோடு, வரிசையாக வருவதைப் பார்ப்பது தனி அனுபவம். குளியலறை விளக்குக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன் என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பார்ப்பதற்கு என்ன வேண்டும்

ப்ரொஜெக்டர் பழையதுதான் கிடைக்கும். கோடாக் தன் கரூசல் வகையை 2004இலேயே நிறுத்திவிட்டது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: விசிறி ஓடுகிறதா, ஸ்லைடு சிக்காமல் இறங்குகிறதா, விளக்கு இன்னும் கடையில் கிடைக்கும் வகையா. 24 வோல்ட் 250 வாட் ஹாலஜன் போடும் ஐரோப்பிய வகை நமக்கு வசதி. அமெரிக்காவிலிருந்து வரும் கரூசலுக்கு அந்த ஊர் மின்சாரம் வேண்டும், தனியாக ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்களுக்கு படம் வரைபவர்கள் வைத்திருக்கும் எல்இடி பலகை ஒன்றும், எட்டு மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு ரோல் விலைக்குள் முடியும். நிறத்தை உள்ளபடி காட்டும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான சில பலகைகள் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டும்.

ஈரப்பதம் நம் ஊரில் பெரிய எதிரி. பூஞ்சை ஸ்லைடைத் தின்றுவிடும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பரணில் வேண்டாம். மாமாவின் கோடாக்ரோம் போலப் பழையவை இருந்தால் அவற்றை ப்ரொஜெக்டரில் அடிக்கடி போடாதீர்கள். இருட்டில் தலைமுறைகள் தாண்டும் அந்தச் சாயம் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். அவற்றை மேக்ரோ லென்ஸ் வைத்து டிஜிட்டல் கேமராவால் படியெடுத்துவிடுவது நல்லது. ஸ்கேனரில் போட்டால் தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அணைத்துவிடுங்கள், கோடாக்ரோமில் அது சரியாக வேலை செய்யாது.

எடுக்கும்போது ஒரே விதி: வெளிச்சமான பகுதியைக் காப்பாற்றுங்கள். நெகட்டிவில் நிழலுக்கு அளந்து பழகியவர்கள் கையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்லைடில் வெளிறிய இடத்தில் வெறும் ஃபிலிம்தான் இருக்கும், திரும்பக் கொண்டுவர ஒன்றும் இருக்காது. அரை ஸ்டாப் இருட்டினால் லூப்பில் இன்னும் அழகாகத்தான் இருக்கும். விமானத்தில் போகும்போது ரோலைச் செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். கைப்பையையும் இப்போது பல நிலையங்களில் சிடி ஸ்கேனரில் போடுகிறார்கள், அதுவும் ஃபிலிமைக் கெடுக்கும். கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தம்பிக்கு நான் சொன்ன கணக்கு இது: எக்டாக்ரோம் ஒன்று, கோல்ட் நாலு, மிச்சப் பணத்தில் எல்இடி பலகையும் லூப்பும். கோல்டில் தெருவையும் திருவிழாவையும் எடுத்து மீட்டரைப் பழகட்டும். வீணாவதைப் பற்றிக் கவலைப்படாமல் எடுக்க முடிந்தால்தான் கை பழகும். எக்டாக்ரோமில் எதை எடுப்பது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன், 36 வரிகள்.

அந்த ரோல் இப்போது அவன் வீட்டு ஃப்ரிட்ஜில், மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. பட்டியலில் முதல் வரி அத்தைதான். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அந்தக் கருநீலச் சேலை இன்னும் பீரோவில் இருக்கிறதாம். வருகிற பொங்கலுக்குக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ரோலை முந்தின நாள் இரவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடு, காலை எட்டு மணிக்குள் எடுத்து முடி, அதற்குமேல் கிணற்றுச் சுவர் வெளிறிவிடும் என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.